தையல்நாயகியின் கால்வாசி எடை

பெண்கள் விளைவித்த நெல் முக்கால் எடைதான் இருக்கும். வாய்க்கால் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் அந்தக் கடைமடை ஊரில் இது எல்லோருக்கும் தெரியும். மழை மேலிருந்து கீழே பெய்கிறது என்பதை யாரும் தனியாகச் சொல்லிக்கொள்வதில்லை. இதையும் அப்படித்தான்.

களத்தில் மூட்டை முழு எடையோடு இருக்கும். தூக்குகிறவன் முதுகு வளையும். வண்டியில் ஏற்றும்போதும் குறையாது. கொள்முதல் நிலையத்துத் தராசில் வைத்து, இது யாருடைய நெல் என்று கேட்பார்கள். ஒரு பெண்ணின் பெயரைச் சொன்னவுடன் மூட்டையிலிருந்து கால்வாசி எடை கிளம்பிப் போய்விடும். ஒரு மணி நெல்கூடச் சிந்தியிருக்காது. எடை மட்டும் இருக்காது.

புருஷன் ராஜமாணிக்கம் கத்தாருக்குப் போனதிலிருந்து தையல்நாயகிதான் வயலைப் பார்த்துக்கொண்டாள். உழவுக்கு ஆள் பிடித்தாள். நாற்று விட்டாள், களை எடுத்தாள், அறுத்தாள். முக்கால் எடைக்கு விற்றாள். டிராக்டர்காரர் அவளிடம் முக்கால் வாடகை வாங்குவதில்லை. உரக்கடையிலும் முக்கால் விலை கிடையாது. அதனால் ஒவ்வொரு போகமும் நஷ்டத்தில் முடிந்தது. அவள் பெண் என்பது மண்ணுக்குத் தெரியாது. அது முழுசாகவே விளைந்தது.

பக்கத்து வயல் கொழுந்தன் சோமாஸ்கந்தனுடையது. ஒரே வயலை நடுவில் வரப்புப் போட்டு அண்ணன் தம்பிக்குப் பிரித்தார்கள். மண் ஒன்று, விதை ஒன்று, நட்ட பெண்களும் ஒன்றே. கதிர் என்னவோ தையல்நாயகியின் பக்கம்தான் அதிகமாகத் தலை சாய்ந்தது. சோமாஸ்கந்தனின் வயலில் அவன் மனைவி கோமளவல்லி இறங்கி வேலை பார்த்தாள். அவன் தார்ச்சாலையில் நின்று மேற்பார்வை பார்த்தான்.

அவனால் வயலில் இறங்க முடியாது. அவ்வளவு கனம். பருமன் இல்லை, ஒல்லியான ஆள்தான். ஆனால் அவன் தெருவில் நடந்தால் வீடுகளுக்குள் அலமாரியில் டம்ளர்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும். ஊரில் ஆண்கள் எல்லோருமே அப்படித்தான். டீக்கடைக்காரர் மரபெஞ்சுகளை எடுத்துவிட்டுக் கருங்கல் பலகை போட்டிருந்தார். "கனமான மனுஷன்" என்று சொல்லி, சோமாஸ்கந்தன் வந்தால் மற்றவர்கள் எழுந்து நிற்பார்கள்.

அந்தக் குறுவையில் தையல்நாயகியின் மூட்டைகளோடு அவனும் கொள்முதல் நிலையத்துக்கு வந்தான். வந்ததில் டிராக்டரின் ஒரு டயர் போனது.

"இது யாரோட நெல்லு?" என்று எடை போடும் வைரக்கண்ணு கேட்டார்.

சோமாஸ்கந்தன் பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தான். யோசிக்காமல், "என்னோடது" என்றான்.

முள் முழு எடைக்குப் போய் நின்றது.

"இல்ல, என்னோடது" என்றாள் தையல்நாயகி.

முள் கால்வாசி இறங்கியது.

அவள் முள்ளைப் பார்த்தாள். "தம்பி, இன்னொரு தடவ சொல்லுங்க."

"என்னத்த அண்ணி?"

"ஒங்களோடதுன்னு."

"என்னோடது."

ஏறியது.

"என்னோடது" என்றாள் அவள்.

இறங்கியது.

"சீக்கிரம் ஒரு முடிவுக்கு வாங்க" என்றார் வைரக்கண்ணு. "தராசுக்குத் தலை சுத்துது."

சோமாஸ்கந்தன் ஒரு யோசனை சொன்னான். "எல்லா மூட்டையையும் என் பேருலயே சொல்லிப்புடுவோம். முழு எடை வருதுல்ல? காச நான் அண்ணனுக்கு அனுப்பிவுடுறேன்."

"அண்ணனுக்கா?"

"பின்ன யாருக்கு?"

தையல்நாயகி மூட்டைகளைத் திரும்பிப் பார்த்தாள். இத்தனை வருஷமும் தன் நெல்லில்தான் ஏதோ குறை என்று நினைத்திருந்தாள். அதிகமாக எரு போட்டாள். பதரைத் தூற்றித் தூற்றிக் கை வீங்கியது. குறை நெல்லில் இல்லை. சொல்கிற வாயில் இருந்தது.

"எடை போட வேண்டாம்" என்றாள் வைரக்கண்ணுவிடம். "மூட்டையெல்லாம் இங்கயே கெடக்கட்டும். மிச்சத்தக் கொண்டாந்துட்டு மொத்தமாப் போட்டுக்கிறேன்."

"எந்த மிச்சம்?"

"கால்வாசி."

வைரக்கண்ணு இப்படி ஒரு பதிலைக் கேட்டதில்லை. கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தார். பிறகு பின்னால் இருந்த கதவைக் காட்டினார். "போறதெல்லாம் உள்ளதான் போவுது. அங்க கேட்டுப் பாருங்க."

வெளியிலிருந்து பார்த்தால் நிலையம் ஒரு தகரக் கொட்டகை. கதவைத் திறந்தால் தாழ்வாரம்போல நீளமான நடை. கடைசியில் ஓர் அறை தெரிந்தது.

தையல்நாயகி நடந்தாள். அவள் ஒரு அடி வைத்தால் நடை ஒன்றரை அடி நீண்டது. வேகமாக நடந்தாள். அதுவும் வேகமாக நீண்டது. வழியில் ஓரிடத்தில் தூறல் போட்டது. முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு போனாள். ஒரு பெஞ்சில் ஒரு கிழவர் நாற்றுக் கட்டோடு காத்திருந்தார். நாற்று கதிர் விட்டு முற்றியிருந்தது. அதை அவர் கவனிக்கவில்லை.

போன் அடித்தது. ராஜமாணிக்கம்.

"எங்க இருக்க?"

"நடையில."

"எந்த நடையில?"

"கொள்முதல் நிலையத்து நடையில. போய்க்கிட்டே இருக்கு."

"தம்பி பேசுனான். நெல்ல எடை போடாம வச்சிருக்கியாம். இந்தா பாரு, நஷ்டத்துக்கு யாராவது வெவசாயம் பாப்பாங்களா? அடுத்த போகம் தாளடிக்கு வயல அவன்ட்ட வுட்டுடு. அவன்ட்ட இருந்தா லாபம் வருது."

"அவரு வயலுக்குள்ள எறங்குனதே இல்லயே."

"எறங்காமயே லாபம் வருதுல்ல? அதான் தெறமை."

போனை வைத்துவிட்டான். தையல்நாயகி நின்றாள். நடையும் நின்றது. வயல் போய்விட்டால் அதே வயலில் அவள் கூலிக்கு இறங்க வேண்டியிருக்கும். கூலியிலும் பெண்ணுக்கு முக்கால்தான்.

பிறகு அவள் வாசல் பக்கம் திரும்பி நின்றாள். புடவையைத் தூக்கிச் செருகினாள். குனிந்தாள். நாற்று நடுவதைப் போலக் கையைத் தரையில் வைத்து வைத்துப் பின்பக்கமாகப் போனாள். நடவு நடுகிறவர்கள் எப்போதும் அப்படித்தான் போவார்கள். அவள் வெளியே போகிறாள் என்று நடை நினைத்துக்கொண்டது. நீளவில்லை. சீக்கிரமே அவள் முதுகு ஒரு கதவில் இடித்தது.

அறையில் ஒரு மேசை இருந்தது. மேசைக்காலில் ஒரு கயிறு கட்டியிருந்தது. கயிற்றின் மறுமுனையில், கூரைக்குப் பக்கத்தில், ஒரு அம்மாள் மிதந்துகொண்டிருந்தாள். கண்ணாடி போட்டிருந்தாள். கனகாம்புஜம் என்று பெயர்ப்பலகை இருந்தது. மின்விசிறியை அணைத்து வைத்திருந்தார்கள்.

"உக்காருங்க" என்றாள் கனகாம்புஜம். "என்னால உக்கார முடியாது."

"என்னம்மா இது, இப்புடி?"

"சர்வீஸ் ஜாஸ்தி. செய்யிற வேலையில கால்வாசி கண்காணிப்பாளருக்குப் போயிடும். அப்படியே போய்ப் போய் இவ்வளவுதான் மிச்சம். நீங்க என்ன விஷயமா வந்தீங்க?"

"என்னோட நெல்லுல கால்வாசி எடை இங்க வந்திருக்கு."

"இங்க வைக்கிறதில்ல. வந்ததும் நெருங்கின ஆணுக்கு அனுப்பிடுவோம். பத்திரமா இருக்கணும் பாருங்க."

"எம் புருஷன் கத்தார்ல இருக்காரு."

"நெருக்கம்னா தூரத்தைத்தான் பாப்போம். பக்கத்து வயல் யாரோடது?"

"கொழுந்தனாரோடது."

"அவருகிட்டதான் இருக்கு. எல்லாப் போகமும்."

தையல்நாயகிக்கு அலமாரி டம்ளர்கள் பேசிக்கொள்ளும் சத்தம் காதில் கேட்டது. இத்தனை காலமும் தெருவில் அவளுடைய நெல்தான் நடந்து போயிருக்கிறது. அவளும் எழுந்து நின்றிருக்கிறாள்.

"எனக்கு அது வேணும்" என்றாள்.

கனகாம்புஜம் மேலிருந்து அவளை நன்றாகப் பார்த்தாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தாள்.

"வாங்கலாம். அவரு வாயால, 'இது உங்களோடது'ன்னு சொல்லணும். மனசறிஞ்சு சொல்லணும்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். ஆனா இதுவரைக்கும் யாரும் சொன்னதில்ல. அதனால சுலபமா கஷ்டமான்னு எங்களுக்குத் தெரியல."

தையல்நாயகி நேராக டீக்கடைக்குப் போனாள். சோமாஸ்கந்தன் கருங்கல் பலகையில் உட்கார்ந்திருந்தான். மற்ற ஆண்களும் இருந்தார்கள். கடை ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது.

"தம்பி, என்னோட எடை ஒங்ககிட்ட இருக்காம்."

அவன் தன்னைக் குனிந்து பார்த்துக்கொண்டான். "எங்க இருக்கு?"

"எல்லா எடத்துலயும்."

"நான் பொறந்ததுலேருந்தே இப்புடித்தான் அண்ணி."

எல்லோரும் சிரித்தார்கள். பாய்லர் குலுங்கியது.

"அண்ணன் பேசுனாருல்ல?" என்றான் அவன். "வெள்ளிக்கெழம நல்ல நாளு. ஒங்க வயல்ல கால் வைக்க வாரேன். நடுவுல நின்னு கெழக்கப் பாத்துக் கும்புட்டுட்டா முடிஞ்சிது. அப்பறம் அது என் பொறுப்பு."

தையல்நாயகி அங்கிருந்து கிளம்பினாள். வரப்பில் போய் உட்கார்ந்தாள். அறுத்த தாள்கள் ஈரத்தில் நின்றன. அழலாம் என்று பார்த்தாள். அழுகை வரவில்லை. மழை வந்தது. வெள்ளிக்கிழமை வரை விடாமல் பெய்தது.

வெள்ளிக்கிழமை காலையில் மழை விட்டது. சோமாஸ்கந்தன் பட்டு வேட்டி கட்டிக்கொண்டு வந்தான். ஊர் ஆண்கள் தார்ச்சாலையில் வரிசையாக நின்றார்கள். பெண்கள் சேற்றில் நின்றார்கள். அவர்களுடைய பாதம் பட்ட இடத்தில் தடம் விழவில்லை. அவ்வளவு இலேசு.

அவன் முதல் அடி வைத்தான். முழங்கால் வரை போனது.

"வேண்டாம் தம்பி" என்றாள் தையல்நாயகி. உண்மையாகவே சொன்னாள்.

"பரவால்ல அண்ணி." இரண்டாவது அடி வைத்தான். இடுப்பு வரை போனது. சாலையில் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். திரும்பினால் மரியாதை போய்விடும். மூன்றாவது அடி வைத்தான். நெஞ்சு வரை போனது. அங்கிருந்தே கிழக்கே பார்த்துக் கும்பிட்டான். கும்பிட்ட கையும் கொஞ்சம் இறங்கியது.

ஆண்கள் கயிறு வீசினார்கள். அவன் பிடித்துக்கொண்டான். எல்லோரும் சேர்ந்து இழுத்தார்கள். அவன் வரவில்லை. சாலை கொஞ்சம் அவன் பக்கமாக நகர்ந்தது. கயிற்றை விட்டுவிட்டார்கள்.

கோமளவல்லி சேற்றின் மேல் நடந்து வந்தாள். கையில் தூக்குவாளி இருந்தது. புருஷன் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள்.

"சாப்புடுறியளா?"

"என்னத் தூக்கு கோமளா!"

அவள் தையல்நாயகியைப் பார்த்தாள். "என்னக்கா பண்ணலாம்?"

தையல்நாயகியும் வந்து உட்கார்ந்தாள். அவளுக்குப் பயமாக இருந்தது. அந்த ஆள் அமிழ்ந்துவிட்டால் அவளுடைய நெல்லும் அவனோடு போய்விடும். அதோடு அவனைச் சின்னப் பிள்ளையிலிருந்து தெரியும். கல்யாணத்தன்று அவளுக்குக் குடை பிடித்தவன்.

"தம்பி, கனத்த எறக்கி வச்சாதான் மேல வரலாம். எதெது யாரோடதுன்னு சொல்லுங்க."

"எல்லாம் ஒங்களோடதுதான். போதுமா? தூக்குங்க."

அவன் கழுத்துவரை இறங்கினான்.

"மனசறிஞ்சு சொல்லணும்" என்றாள் அவள்.

சேறு தாடையைத் தொட்டது. சோமாஸ்கந்தன் கண்ணை மூடினான். முதல் தடவையாகத் தன் உடம்பை ஒவ்வொரு இடமாக நினைத்துப் பார்த்தான். நெடுநேரம் ஆனது.

"என் ரெண்டு முழங்காலும்" என்றான் மெதுவாக, "போன சம்பா. மழையில நீங்க தனியா அறுத்தியளே, அது. நான் ரோட்டுல நின்னு பாத்தேன். அது ஒங்களோடது அண்ணி."

சேறு ஒரு சத்தம் போட்டது. அவன் தோள் வெளியே வந்தது.

"இடுப்பு... அதுக்கு முந்துன குறுவை. வாய்க்கா மொறையில ஒங்க தண்ணிய நான் திருப்பிக்கிட்டேன். நீங்க கொடம் கொடமா ஊத்துனிய. அதுவும் ஒங்களோடது."

நெஞ்சு வெளியே வந்தது.

"இந்தத் தோளு கோமளாவோடது. என் வயல்ல வெளஞ்சதெல்லாம் அவ வெளய வச்சது. ஒரு நாளும் நான் சொன்னதில்ல."

கோமளவல்லி தூக்குவாளியைக் கீழே வைத்தாள். வாளி சேற்றில் புதைந்தது. அவள் பாதமும் புதைந்தது. அவள் தன் காலைப் பார்த்து, "அய்யோ அக்கா, தடம் விழுது!" என்று கூவினாள்.

தையல்நாயகிக்கு முதலில் குதிகாலில் வந்தது. பிறகு கெண்டைக்கால், தொடை, முதுகு. ஒவ்வொரு போகமாக வந்து தன்னிடத்தில் உட்கார்ந்தது. சம்பா எது, குறுவை எது என்று அவளுக்குத் தெரிந்தது. அவள் கணுக்கால் வரை இறங்கினாள். வயல் அவளை அங்கேயே தாங்கி நிறுத்திக்கொண்டது. அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்குத் தென்னை மரங்களிலிருந்து மழைத்தண்ணீர் உதிர்ந்தது.

சோமாஸ்கந்தன் முழுக்க வெளியே வந்துவிட்டான். சேற்றின் மேல் நின்றான். தலையை மட்டும் நிமிர்த்த முடியவில்லை.

"அண்ணி, இந்தத் தலைக்கனமும்..."

"அது எனக்கு வேண்டாம் தம்பி. நீங்களே வச்சிக்கங்க."

அன்றிலிருந்து அவன் தலை குனிந்தே நடந்தான். நல்ல அடக்கம் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள்.

மற்ற பெண்கள் சாலையில் ஏறி அவரவர் வீட்டு ஆண்கள் முன்னால் போய் நின்றார்கள். ஆண்கள் வயலைப் பார்த்தார்கள். தங்கள் பாதங்களைப் பார்த்தார்கள். ஒருவர் பின் ஒருவராகச் சொல்லத் தொடங்கினார்கள். சிலர் வாயைத் திறக்கவில்லை. அவர்களுடைய மனைவிமார், "சித்த நம்ம வயலப் பாத்துட்டு வருவம், வாங்க" என்று அன்பாகக் கூப்பிட்டார்கள். உடனே அந்த ஆண்களும் சொல்லிவிட்டார்கள்.

அன்று மத்தியானம் அந்த ஊர்ப் பெண்கள் எல்லோரும் கொள்முதல் நிலையத்துக்கு நடந்தார்கள். வழியில் வீடுகளின் ஓடுகள் குலுங்கின. எதிரே வந்த பேருந்து ஓரமாக நின்று வழிவிட்டது. டீக்கடையில் ஆண்கள் எழுந்து நின்றார்கள். எழுவது அவர்களுக்கு இப்போது எளிதாக இருந்தது.

தையல்நாயகியின் மூட்டைகள் விட்ட இடத்தில் கிடந்தன. வைரக்கண்ணு முதல் மூட்டையைத் தராசில் வைத்தார்.

"இது யாரோட நெல்லு?"

"என்னோடது."

முள் முழு எடைக்குப் போனது. அங்கே நிற்கவில்லை. தாண்டியது. ஒரு சுற்று முடித்து இன்னொரு சுற்றுக்குக் கிளம்பியது. பழைய போகங்களின் பாக்கியெல்லாம் வந்து ஏறிக்கொண்டிருந்தது. தராசு தரையில் அழுந்தியது. வைரக்கண்ணு லாரி எடை போடுகிற மேடைக்கு மூட்டையை மாற்றச் சொன்னார். அதைத் தூக்க ஆள் இல்லை. தையல்நாயகியே தூக்கி வைத்தாள். மேடை முனகியது.

"எவ்வளவுங்க?" என்றாள்.

வைரக்கண்ணு தொப்பியைக் கழற்றினார். "சொல்ல எண்ணு பத்தலம்மா."

அப்போது பின்கதவு திறந்தது. கனகாம்புஜம் நடந்து வந்தாள். செருப்புச் சத்தம் டக் டக் என்று கேட்டது. கயிற்றைச் சுருட்டிக் கைப்பையில் வைத்திருந்தாள்.

"கண்காணிப்பாளர் எங்க?" என்று வைரக்கண்ணு கேட்டார்.

"அவரும் சொல்லிட்டாரு. மேல இருக்காரு. மின்விசிறியப் பிடிச்சிக்கிட்டு. போட்டுறாதீங்க."

தையல்நாயகியின் போன் அடித்தது.

"வயல தம்பிக்கிட்ட குடுத்துட்டியா?" என்றான் ராஜமாணிக்கம்.

"இல்ல. அவரு எனக்குக் குடுத்துட்டாரு."

"என்னத்த?"

"என்னோடத."

"அப்ப... இந்தப் போகம் லாபமா?"

"ஆமா."

"எவ்வளவு?"

"கனமா" என்றாள். வைத்துவிட்டாள்.

திரும்பும்போது அவள் மட்டும் வயல் வழியாகப் போனாள். அவள் நடக்க நடக்க நிலம் அவள் பக்கமாகத் தாழ்ந்து கொடுத்தது. பின்னால் ஏதோ வரும் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தாள். பெரிய மதகிலிருந்து வாய்க்கால் கரையை விட்டு இறங்கி அவள் பின்னால் வந்துகொண்டிருந்தது. எப்போதும் முதல் தண்ணீரை வாங்கிக்கொள்ளும் தலைமடைப் பண்ணைகளை ஒவ்வொன்றாகத் தாண்டி வந்திருந்தது. கூட நாலைந்து கெண்டைமீன்களும் வந்தன.

அவள் நின்றாள். வாய்க்காலும் நின்றது.

"எங்க?" என்றாள்.

வாய்க்கால் கூச்சத்தோடு நெளிந்தது. மேலெல்லாம் வழியில் பட்ட சேறும் நுரையும் குப்பையுமாக இருந்தது.

தையல்நாயகி தன் வயலின் மடையைத் திறந்தாள். இடுப்பில் கை வைத்துக்கொண்டு அதைத் தலையிலிருந்து வால் வரை பார்த்தாள்.

"காலக் கழுவிட்டு உள்ள வா" என்றாள்.